ஆபத்தே இல்லாத ஸ்கேன்

ஜெல்லை நான் ஒருநாளும் குளிராகப் பூசியதில்லை. போத்தலைப் பத்து நிமிடம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நிறுத்தி வைத்து, முதலில் என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, அதன் பிறகுதான் வயிற்றில் பூசுவேன். அரச ஆஸ்பத்திரிகளில் இதற்கெல்லாம் நேரம் இல்லை. வெறும் வயிற்றில் சில்லென்று பிதுக்கிவிட்டு, அசையாமல் படு என்பார்கள். மல்லாவியில் என்னிடம் வந்த பெண்களில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். மரியநேசன் அண்ணை கைபட்டால் குளிர் தெரியாது என்றுதான் சொல்வார்கள். இப்போது கேட்டால் வேறு மாதிரியும் சொல்லக்கூடும். சனத்தின் வாய் அப்படித்தான்.

ஐயா, நேற்று நீங்கள் வாக்குமூலம் என்று கேட்டு எழுதிய இரண்டு பக்கத்தையும் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். அதில் பிழை என்று ஒன்றும் இல்லை. ஆனால் அதில் வருகிற ஆளைக் கள்ளன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐம்பத்தாறு வயது வரைக்கும் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதனால்தான் ஒரு கொப்பியும் பேனையும் கேட்டேன். நீங்கள் தந்தீர்கள். மரியாதையான மனிதர். நானும் மரியாதையாகவே, ஒன்றையும் ஒளிக்காமல் எழுதித் தருகிறேன்.

நான் டொக்டர் இல்லை. அதை நான் யாரிடமும் சொன்னதும் இல்லை. அவர்கள் டொக்டர் என்று கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். பதினான்கு வருடம் ஓர் அரச ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் சிற்றூழியராக இருந்தேன். நோயாளியைத் தள்ளிக்கொண்டு வருவதும், கட்டிலில் ஏற்றுவதும், முடிந்த பிறகு வயிற்றைத் துடைப்பதும் என் வேலை. அந்தப் பதினான்கு வருடமும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. திரையைப் பார்த்தேன். ஒரு வேலையை நூறு முறை பார்த்தால் புரிந்துவிடும், ஆயிரம் முறை பார்த்தால் அலுத்துவிடும். எனக்கு அலுத்துவிட்ட பிறகும் புதிதாகப் படித்துவந்த இளம் டொக்டர்மார் திரையில் பிள்ளையின் தலை எது, பின்புறம் எது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஓய்வு எடுத்த பிறகு, வவுனியாவில் இருந்து ஒரு டொக்டர் மல்லாவிக்கு வந்து சனிக்கிழமைகளில் ஸ்கேன் பார்க்க விரும்புவதாகச் சொன்னார். பாமசி ஒன்றின் பின்னால் இரண்டு அறை எடுத்தோம். பழைய மெசின் ஒன்று வாங்கினோம். டொக்டரின் பெயரைப் பட்டங்களோடு பெரிய பலகையில் எழுதினோம். நாட்டில் பெற்றோலுக்கு வரிசை வந்த வருடம் அவர் மூன்று சனிக்கிழமை வரவில்லை. நாலாவது சனிக்கிழமை அவுஸ்திரேலியாவில் இருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. மன்னிக்கவும், பிள்ளைகளின் படிப்பு என்று எழுதியிருந்தார். நான் மன்னித்தேன். பலகையைக் கழற்றவில்லை. நல்ல தேக்குப் பலகை, மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் நின்றது. அதைக் கழற்றுவதற்கு யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

சுகாதாரப் பரிசோதகர் மட்டும் இரண்டு தரம் வந்தார். கடமையில் கண்டிப்பான தம்பி. தண்ணீர்த் தாங்கியை எட்டிப் பார்த்தார், பூச்சட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தார், மலசலகூடத்தின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். நுளம்புக் குடம்பி ஒன்றுகூட இல்லை. என் கையைக் குலுக்கி, எல்லோரும் இப்படி வைத்திருந்தால் டெங்கு எப்படி வரும் என்று கேட்டுவிட்டுப் போனார். ஸ்கேன் அறையின் கதவைத் திறந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அங்கே தண்ணீர் தேங்குவதில்லைதானே.

டொக்டர் போன பிறகு ஒன்றரை வருடம் நானே பார்த்தேன். அதை உங்கள் பக்கத்தில் மோசடி என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதுங்கள். ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் நான் காட்டியது அந்தந்தத் தாயின் வயிற்றில் இருந்த அந்தந்தப் பிள்ளையைத்தான். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பிறகு வரும்.

ஸ்கேன் என்றால் என்ன என்று உங்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் நேற்று அதைக் கதிர் என்று எழுதியிருந்தீர்கள். அது கதிர் இல்லை. எக்ஸ்றே வேறு, இது வேறு. இது வெறும் சத்தம். நம் காதுக்கு எட்டாத சத்தம். கையில் பிடிக்கும் புரோப் அந்தச் சத்தத்தை உள்ளே அனுப்பும். அது உள்ளே பட்டுத் திரும்பி வருவதை மெசின் படமாக்கும். எலும்புக்கு அப்பால் அதற்குக் கண் தெரியாது. வாயு இருந்தாலும் தெரியாது. பிள்ளை கவிழ்ந்து படுத்தால் முகம் தெரியாது. நல்ல கையும் நல்ல கண்ணும் இருந்தால் நிறையத் தெரியும், இல்லாவிட்டால் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் புகை தெரியும். வவுனியா டொக்டர் ஒன்றை அடிக்கடி சொல்வார்: சத்தம் என்றாலும் அது உள்ளே சிறிது சூட்டை உண்டாக்கும், ஆகவே தேவைக்கு மட்டும் வை, பிள்ளையின் முகம் பார்த்து மகிழ்வதற்காக அரை மணித்தியாலம் தேய்த்துக்கொண்டு இருக்காதே. அருமையான அறிவுரை. அவுஸ்திரேலியாவில் பின்பற்றுவார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்துச் சனம் ஸ்கேனுக்கு வருவது முகம் பார்க்கத்தான். நோய் பார்க்க வருகிறவர்கள் குறைவு. முகத்தையும் தங்களுக்காகப் பார்ப்பதில்லை. சுவிஸில் இருக்கும் சித்திக்கு, கனடாவில் இருக்கும் மச்சாளுக்கு, கட்டாரில் இருக்கும் புருசனுக்கு. திரையை என் தொலைபேசியில் வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவேன். கட்டிலில் இருந்து பெண் எழும்புவதற்கு முன்பே சுவிஸில் இருந்து மூக்கைப் பற்றிய தீர்ப்பு வந்துவிடும்.

போன வருடம் தை மாதம் பதினெட்டாம் திகதி புரோப் கை தவறிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. எடுத்து வைத்துப் பார்த்தேன். திரை முழுக்கக் கறுப்பு. கொழும்புக்கு அழைத்துக் கேட்டேன். அந்தப் பழைய மெசினுக்கு இப்போது புரோப் வருவதில்லை, வந்தாலும் ஒரு வருடம் ஆகும் என்றார்கள். அன்றைக்கு வெளியே கதிரைகளில் ஏழு பேர் இருந்தார்கள். ஒருத்தி ஒட்டுசுட்டானில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள். வெயிலில் வந்த கர்ப்பிணிப் பெண்ணை, மெசின் பழுது, போய்வா என்று எந்த வாயால் சொல்வது? எனக்கு இரக்க சுபாவம். வீட்டில் புனிதம், என் மனைவி, அதைத்தான் என் பெரிய குறை என்று சொல்வாள்.

மெசினுக்குள் இரண்டு நாளைக்கு முன் எடுத்த ஒரு பதிவு இருந்தது. அதே ஒட்டுசுட்டானைச் சேர்ந்த கௌசலா என்ற இன்னொருத்தியின் பிள்ளை. ஏழு மாதம். நான் பார்த்ததிலேயே மிகத் துப்புரவான படம். பிள்ளை முகத்தைத் திருப்பி, வலது கையைக் காதில் வைத்து, ஏதோ கேட்பதைப் போல இருக்கும். இதயத் துடிப்பின் சத்தமும் சேர்ந்து பதிவாகியிருந்தது. நிமிடத்துக்கு நூற்று நாற்பத்துநாலு. எந்த டொக்டரும் குறை சொல்ல முடியாத பிள்ளை. அதைப் போட்டேன்.

அந்த ஏழு பேரும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி என் காலில் விழப் பார்த்தாள். நான் தடுத்துவிட்டேன், கர்ப்பிணிகள் குனியக் கூடாது.

அடுத்த நாள் நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் ஒன்பது பேர் வந்தார்கள்.

பிறகு வேலை ஒழுங்குக்கு வந்தது. படத்தின் மூலையில் கௌசலாவின் பெயரும் திகதியும் இருக்கும். அந்த இடத்தில் ஒரு பிள்ளையார் ஸ்ரிக்கர் ஒட்டினேன். நான் வேதக்காரன், மாதாவைக் கும்பிடுகிறவன், ஆனால் வருகிறவர்கள் பெரும்பாலும் சைவச் சனம். படுத்திருந்தபடியே கும்பிடுவார்கள். பதிவு ஒரு நிமிடம் நாற்பது செக்கன். பன்னிரண்டாவது செக்கனில் பிள்ளை அசையும். அதற்குச் சரியாகப் புரோப்பை இடது பக்கம் கொஞ்சம் அழுத்த வேண்டும். நாற்பதாவது செக்கனில் துடிப்புச் சத்தம் கேட்கும், அப்போது கையை எடுக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. கர்ப்பத்துக்கு ஆறு மாதம் ஆகுமுன் வருகிறவர்களை, இப்போது வேண்டாம், சிசுவுக்குப் பாதுகாப்பு இல்லை என்று திருப்பி அனுப்பினேன். ஆணா பெண்ணா என்று கேட்டால், அப்படிச் சொல்வது ஒழுக்கத்துக்குப் புறம்பானது என்றேன். அந்த விசயத்தில் மட்டும் நான் மிகவும் கண்டிப்பு.

செத்த புரோப்பில் இருந்து சத்தம் வராது. சத்தம் இல்லை என்றால் சூடும் இல்லை. உலகத்தில் உள்ள அத்தனை டொக்டர்மாரும் அச்சப்படுகிற அந்தச் சிறிய ஆபத்துக்கூட என்னிடம் இருக்கவில்லை. பதினொரு மாதம், இந்த வன்னிப் பெருநிலத்திலேயே ஆபத்து இல்லாத ஸ்கேனை நான்தான் நடத்தினேன். இதைச் சொன்னபோது உங்கள் உதவியாளர் பேனையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

யாரும் கண்டுபிடிக்கவில்லையா என்று நீங்கள் கேட்டீர்கள். கண்டுபிடிப்பார்கள் என்றுதான் நானும் பயந்தேன். இருநூறு வீட்டுத் தொலைபேசியில் ஒரே பிள்ளை. ஆனால் இங்கே யார் யாருக்குச் சொந்தம் இல்லை? மல்லாவிக்காரி ஒட்டுசுட்டான்காரனுக்கு மச்சாள், அவன் பூவரசங்குளத்தில் கலியாணம் கட்டியவன், அந்த வீட்டுப் பெரியப்பா துணுக்காயில். யாழ்ப்பாணத்தில் இருந்து காணி கிடைத்து வந்தபோது ஒரே ஊராக வந்து, ஒருவருக்குள் ஒருவர் கட்டி, ஒரே குடும்பமாக ஆகிவிட்டார்கள். இரண்டு வீட்டில் ஒரே பிள்ளையைக் கண்டால் அவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. பெருமைதான் வந்தது.

கமலாசனி அக்கா என்று ஒருவர். மல்லாவியில் ஆறு ஏக்கர் வயல், திலீபன் என்ற ஒரே மகன், பிரஷாந்தினி என்ற ஒரே மருமகள். ஐப்பசி மாதம் மருமகளை என்னிடம் கூட்டிவந்தார். ஆறு மாதம். வழக்கம்போல் எல்லாம் நன்றாக இருந்தது. நாலு நாள் கழித்து ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தோடு தனியாக வந்தார்.

"அண்ணை, சுவிஸில இருந்து தங்கச்சி எடுத்தவள். அழுறாள். ஒட்டுசுட்டான் கௌசலான்ர வயித்தில இருந்த பிள்ளையின்ர வீடியோவையும் அவளுக்கு அனுப்பினவை. ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாத்தவளாம். அதே மூக்கு, அதே மாதிரிக் காதில கை. எங்கட அப்பாவும் நித்திரை கொள்ளேக்க அப்பிடித்தான் காதில கை வைச்சிருப்பார். பாருங்கோ அண்ணை, கடல் கடந்து போனாலும் பரம்பரைச் சாயல் விட்டுப் போகேல்ல."

"ஓம் அக்கா, இரத்தம் எண்டது அப்பிடித்தான்" என்றேன். வேறு என்ன சொல்வது? வாழைப்பழம் நல்ல இனிப்பு.

பிரஷாந்தினி வந்த அந்த முதல் நாளில் நான் எழுதிக் கொடுத்த அறிக்கையைத்தான் நீங்கள் பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, மேல்பக்கம் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறேன். பொய் என்கிறீர்கள். அந்தப் படத்தில் மேல்பக்கம்தான் இருந்தது. நான் கண்டதைத்தான் எழுதினேன்.

அதே கிழமை அரச ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு ஸ்கேன் திகதி இருந்ததாம். கிளினிக் கொப்பியில் மிட்வைஃப் சிவப்புப் பேனையால் குறித்திருந்ததாம். போகவில்லை. எல்லாம் பார்த்தாகிவிட்டதே, இன்னொரு தரம் எதற்கு, வயலில் விதைப்பும் நெருங்குகிறது என்று கமலாசனி அக்கா சொல்லிவிட்டாராம். மிட்வைஃப் வீட்டுக்கே போய் ஏசினாராம். அந்த மிட்வைஃப் கொஞ்சம் வாய்க்காரி. சனம் வாய்க்காரரை நம்பாது, சிரித்த முகத்தைத்தான் நம்பும்.

இனி மார்கழி நாலாம் திகதிக்கு வருகிறேன். காலை பத்து மணி. வெளியே இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. ஓட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. திலீபன் முன்னால் ஓடிவந்தான்.

"அண்ணை, விடிய எழும்பேக்க இவவுக்கு இரத்தம் பட்டிருக்கு. நோவு ஒண்டும் இல்லையாம். மிட்வைஃபுக்கு எடுத்தனாங்கள். உடன ஆஸ்பத்திரிக்குப் போ, வேற எங்கையும் நிக்காத எண்டவா. நாங்கள் அங்கதான் போறம். அம்மாதான்..."

கமலாசனி அக்கா மருமகளைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார். "போற வழிதானே அண்ணை. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ, மனம் ஆறும். ஆஸ்பத்திரிக்குப் போனால் வாட்டில போட்டிடுவினம்."

ஓட்டோக்காரன் எஞ்சினை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி அங்கிருந்து இருபது நிமிடம்.

பிரஷாந்தினி இருபத்துநாலு வயதுப் பிள்ளை. நடந்து வந்தாள். மஞ்சள் சட்டை. கட்டிலில் ஏறத் திரும்பியபோது பின்பக்கம் கண்டேன். ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இரத்தம். அவள் அதைக் கவனிக்கவில்லை, நான் கட்டிலில் ஒரு துவாயை விரித்தேன்.

"அண்ணை, பிள்ளைக்கு ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டாள்.

"பொறு பிள்ளை, பாத்துச் சொல்லுறன்."

ஜெல் சூடாக இருந்தது. பதிவைப் போட்டேன். பன்னிரண்டாவது செக்கனில் இடது பக்கம் அழுத்தினேன், ஆனால் அன்றைக்கு மெதுவாகத்தான் அழுத்தினேன், அதை நீங்கள் கவனிக்க வேண்டும். நாற்பதாவது செக்கனில் துடிப்புக் கேட்டது. அறை முழுக்க டொக் டொக் என்று நிறைந்தது. பிரஷாந்தினி கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கமலாசனி அக்கா பிள்ளையாரைக் கும்பிட்டார். திலீபன் சுவரில் சாய்ந்து கீழே இருந்துவிட்டான்.

"பிள்ளை சோக்கா இருக்கு. இளங்கொடியும் மேலதான் இருக்கு. இது உடம்புச் சூடு. வீட்டில படுத்து எழும்பட்டும், வெந்தயத் தண்ணி குடிக்கட்டும்" என்றேன்.

ஓட்டோ வந்த பக்கமே திரும்பியது. பிரஷாந்தினி ஓட்டோவின் ஓரத்தில் இருந்து எனக்குக் கை காட்டினாள். நல்ல வளர்ப்பு. வந்த வேலை முடிந்தால் திரும்பியும் பார்க்காத சனம்தான் அதிகம்.

மிச்சத்தை ஆஸ்பத்திரி அறிக்கையில் எழுதியிருப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவளுக்கு இரண்டரை மணிக்கு இரத்தத்தில் மெத்தை நனைந்திருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு என்ற அவசர நம்பருக்கு அடித்து, அம்புலன்ஸ் வந்து, ஏற்றிக்கொண்டு போகும்போது வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. பிள்ளையை எடுத்தார்கள். அதுவும் உயிரோடு இல்லை. இளங்கொடி கீழே இறங்கிக் கருப்பையின் வாயை முழுதாக மூடியிருந்ததாம். அப்படி இருந்தால் முன்கூட்டியே வாட்டில் வைத்து, இரத்தம் ஏற்றி, நாள் பார்த்து வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுப்பார்கள். இரண்டு உயிரும் தப்பும். ஓர் உயிருள்ள புரோப்பை வைத்து யாராவது ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் போதும், அது எளிதாகத் தெரிகிற விசயம். ஸ்கேன் என்ற ஒன்று எதற்கு இருக்கிறது என்று என்னைக் கேட்டால், அதற்குத்தான் இருக்கிறது என்பேன். மூக்குப் பார்க்க இல்லை.

செத்த வீட்டுக்குப் போனேன். போகாவிட்டால் கதைப்பார்கள். பந்தலின் கீழ்க் கதிரையில் இருந்தேன், பிளேன்ரீ தந்தார்கள், குடித்தேன். திலீபன் தொலைபேசியில் அந்த வீடியோவையே போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். துடிப்புச் சத்தம் பந்தல் முழுக்கக் கேட்டது. பெண்கள் சுற்றி நின்று அழுதார்கள். ஒருத்தி, என்ர பிள்ளையும் இப்பிடித்தான் இருந்தது என்று தன் தொலைபேசியை எடுத்துக் காட்டினாள். மற்றவளும் எடுத்தாள்.

கௌசலாவும் வந்திருந்தாள், எட்டு மாதப் பிள்ளை இடுப்பில். அவள் அந்தத் தொலைபேசிகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தாள். பிறகு தன்னுடையதை எடுத்தாள். அதில் மட்டும் பிள்ளையார் இல்லை. பிள்ளையார் இருக்க வேண்டிய இடத்தில் அவளுடைய பெயரும் தை பதினாறாம் திகதியும் இருந்தன. அவள் கத்தவில்லை. திலீபனுக்குப் பக்கத்தில் போய்க் குந்தி இருந்தாள்.

"மச்சான், இது உங்கட பிள்ளை இல்லை. இது என்ர பிள்ளை" என்றாள்.

அந்த இடத்தில் எனக்கு மனம் மிகவும் கஷ்டமாக இருந்தது. பிள்ளையின் முகம் என்று ஒன்றாவது அவனிடம் மிஞ்சியிருந்தது. அதையும் பறித்துவிட்டாள். நான் பறிக்கவில்லை, நான் கொடுத்தவன். கமலாசனி அக்கா எழும்பி என்னைப் பார்த்தார். ஏசவில்லை, அடிக்கவில்லை. "நான்தானே இறக்கிக்கொண்டு வந்தனான்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் ஓடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பொலிஸ் வரும் வரைக்கும் அந்தக் கதிரையிலேயே இருந்தேன்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நேற்று அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அந்த இரத்தம் என்னவென்று உனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். நான் டொக்டர் இல்லை, எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிடலாம். என் சட்டத்தரணியும் அப்படித்தான் சொல்லச் சொன்னார். ஆனால் நீங்கள் முல்லைத்தீவுக்குப் போய் என் மகள் கிருசாந்தினியையும் விசாரித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

புரட்டாதி மாதம், பிரஷாந்தினி முதல் தரம் என்னிடம் வருவதற்கு ஒரு மாதம் முன்னால். மகளுக்கு அப்போது ஏழரை மாதம். ஒரு நாள் பின்னேரம் அழைத்தாள். "அப்பா, கொஞ்சம் இரத்தம் பட்டிருக்கு, நோவு இல்லை. அன்ரன் ஓட்டோ பிடிக்கிறார், மல்லாவிக்கு வாறம். உங்கட மெசினில ஒருக்காப் பாத்துவிடுங்கோவன்."

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கர்ப்பமான நாளில் இருந்து அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊர் முழுக்க உங்களிட்ட வருது, நான் மட்டும் ஏன் யாழ்ப்பாணம் போகவேணும் என்று. சொந்தப் பிள்ளையைத் தகப்பன் பார்ப்பது சரியில்லை என்று சொல்லி, மாதாமாதம் யாழ்ப்பாணத்துக்கே பஸ்ஸில் போகவைத்தேன்.

அன்றைக்கு அவள் சொல்லி முடிக்கவும் விடவில்லை. "கட்டிலை விட்டு எழும்பாத. ஓட்டோ வேண்டாம். என்னட்ட வராத" என்றேன். மருமகன் அன்ரனோடு பேச முன்பே அம்புலன்சுக்கு அடித்தேன். நோவு இல்லாமல் வருகிற இரத்தம், இளங்கொடி கீழே இருக்கக்கூடும், இரத்த வங்கி இருக்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோங்கள் என்று அவர்களுக்கு நான்தான் சொன்னேன். பதினான்கு வருடம் ஸ்கேன் அறையில் அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம். பத்தொன்பது நாள் வாட்டில் வைத்திருந்தார்கள். பேரன் இப்போது நன்றாக இருக்கிறான்.

ஆகவே, ஓம் ஐயா, தெரியும். பிரஷாந்தினியின் சட்டையில் கண்டது என்னவென்று கட்டிலில் அவள் ஏறும்போதே தெரியும். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனால், இளங்கொடி மேலே என்று யார் எழுதியது, எந்த மெசினில் பார்த்தது என்று கேட்பார்கள் என்பதும் தெரியும். வாசலில் ஓட்டோ எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. போ பிள்ளை என்ற இரண்டு சொல்லை நான் சொல்லியிருந்தால் அவள் உயிரோடு இருந்திருப்பாள். இரத்தம் தானாக நின்றாலும் நிற்கும் என்று நினைத்து, சொல்லாமல் பதிவைப் போட்டேன். அவளைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள், வைக்கிறேன்.

ஆனால் கள்ளன் என்ற அந்தச் சொல்லை மட்டும் வெட்டிவிடுங்கள். பெற்ற பிள்ளையிடம் நான் இன்றுவரை ஒரு பொய் சொன்னதில்லை.